வியாழன் வரை திறக்க வேண்டாம்

வியாழக்கிழமை காலை எங்கள் ஆய்வகத்தின் தேநீர் அறையில் நான்கு பேர் இருந்தோம். கதவுக்கு நேராக, முதுகுப்பக்கம் தலையணை கட்டிய நாற்காலியில் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம், உட்காராமல் குளிர்பெட்டியில் சாய்ந்தபடி, பசை என்று நாங்கள் கூப்பிடுகிற பையன். ஜன்னலை ஒட்டிய பெஞ்சில், காலை மடக்கிக்கொண்டு, கண்ணாடி என்கிற பெண். மேசையின் ஆடுகிற கால் பக்கம், தாளும் பேனாவுமாக நான். யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிட வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் எனக்குப் பழக்கிவிட்டது. எங்கள் ஊர் சின்ன ஊர், பள்ளியும் சின்னது. ஆனால் கடிதம் எழுத மட்டும் குறைவில்லாமல் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்தத் தலையணை நாற்காலி எங்களோடு வேலை பார்த்த அக்காவுடையது. அவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது. வேறு நாற்காலியில் பேராசிரியரால் கொஞ்ச நேரம்கூட உட்கார முடியாது. அதனால் கூச்சத்தோடு அதில் உட்கார்ந்துகொள்கிறார்.

இப்படிச் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். நாங்கள் செய்வது முதுகு ஆராய்ச்சி. முதுகெலும்பில் ஓர் எலும்புக்கும் அடுத்ததற்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு டிஸ்க் இருக்கிறது. தேய்ந்தால் அது தானாக வளராது. அதை வளர வைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. மருத்துவமனையில் அறுவை செய்து எடுத்த டிஸ்க் துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவோம். அதிலிருந்து செல்களைப் பிரித்து வளர்ப்போம். வளர்ந்ததைப் பசை காய்ச்சுகிற ஜெல்லில் குடிவைப்போம். பெரும்பாலும் குடித்தனம் நிலைக்காது. "சார், உங்க முதுகு சரியாகுறதுக்குள்ள இந்த ஆராய்ச்சி முடியாது. ஆராய்ச்சி முடியுறதுக்குள்ள உங்க முதுகு முடிஞ்சிடும்" என்று அக்கா அவர் முகத்துக்கு நேராகவே சொல்வாள். அவர் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டே சிரிப்பார்.

தானம் கொடுத்தவர்களின் பெயரை ஆய்வகத்தில் சொல்லவோ எழுதவோ கூடாது என்பது விதி. நம்பரை வைத்துக்கொண்டு பேச வாய் வருமா? அதனால் ஆளுக்கு ஒரு பட்டம் வைத்துவிடுவோம். "வாத்தியார் இன்னைக்கு ரொம்ப சோம்பல்", "தையல்காரம்மா பரவிட்டாங்க, வேற வீடு பாக்கணும்" என்றெல்லாம் பேசிக்கொள்வோம். அதே பழக்கத்தில் எங்களுக்குள்ளும் யாருக்கும் பெயர் மிஞ்சவில்லை. ஜெல் காய்ச்சுபவன் பசை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பவள் கண்ணாடி. ஆய்வகத்தின் கடிதப் போக்குவரத்தையும் சாமான் வாங்குவதையும் பார்க்கிற நான் கடுதாசி. பட்டம் எல்லாம் அக்கா வைத்தவை. செல் வளர்ப்பதற்குப் பொறுப்பு அவள்தான். அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். வயதில் மூத்த பேராசிரியர்கூட.

அவளுக்கும் டிஸ்க் விலகியது. குனிந்து குனிந்து வேலை செய்தவள். அறுவைக்குப் போகும்போது, "எடுத்ததைத் தூக்கிப் போட்றாதீங்க டாக்டர், எங்க ஆளு வெளியில டப்பாவோட நிக்கிறான்" என்று படுத்தபடியே சொல்லியிருக்கிறாள். பசைதான் ஐஸ் பெட்டியோடு வாசலில் நின்றான். அவளுடைய கணவர் அவனைப் பார்த்து, "தம்பி, ஆஸ்பத்திரிக்குள்ள ஐஸ் விக்க விடமாட்டாங்கப்பா" என்று அக்கறையாகச் சொன்ன கதையை அக்கா வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் செல்களுக்கு 'அக்கா இரண்டு' என்று பெயர்; முதல் அக்கா அவளே. எங்களிடம் வளர்ந்ததில் அவைதான் கெட்டி. சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "நான் போறேன். என்னைப் பாத்துக்கோங்க" என்பாள். நாங்களும், "நீங்க போங்க, நீங்க பத்திரமா இருப்பீங்க" என்போம். பழகிப்போன வேடிக்கை. ஈரலில் நோய் என்று தெரிந்து, மூன்று மாதம்கூடத் தாங்காமல் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த வேடிக்கையை யாரும் வாயில் எடுக்கவில்லை.

அவள் போன மறுமாதம் கணவர் அவளுடைய சாமான்களை எடுத்துப்போக வந்தார். தொலைதூர பஸ் ஓட்டுகிறவர். எப்போதும் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரியே கையை வைத்திருப்பார். மதியச் சாப்பாட்டு டப்பா, உள்ளே போட்டுக்கொள்ளும் செருப்பு, ஒரு கம்பளிச் சட்டை, இரண்டு கொண்டை ஊசி. எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் வைத்தேன். தலையணையை அவிழ்க்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார். "அது இருக்கட்டும் தங்கச்சி. சாருக்கு வேணும்."

கண்ணாடிக்கு வாய் நிற்காது. "மாமா, அக்காவோடது இன்னும் ஒண்ணு இருக்கு. உறைய வைக்கிற தொட்டியில" என்று சொல்லிவிட்டாள்.

"என்னம்மா?"

"அக்காவோட செல். எல்லாம் வேலைக்கு எடுத்தாச்சு. ஒரு டியூப்தான் மிச்சம்."

"உயிரோடயா?"

கண்ணாடி பேராசிரியரைப் பார்த்தாள். அவர் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றார். "உயிரோடதான். உறைஞ்சு தூங்குது."

அக்காவின் கணவர் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினேனே சார். இன்னும் முடியலையா?"

 பிறகு அவரே, "நான் பாக்கலாமா?" என்றார்.

பேராசிரியர் மறைக்காமல் சொன்னார். உறைந்திருக்கும்போது பார்த்தால் வெறும் பனிக்கட்டிதான் தெரியும். பார்க்க வேண்டுமானால் எழுப்ப வேண்டும். பலமுறை வளர்த்துப் பழசாகிவிட்ட செல்கள். ஒரு தடவை எழுப்பினால் மறுபடி உறைவதைத் தாங்காது.

"எழுப்பலேன்னா?"

"அப்படியே இருக்கும். நாம எல்லாம் போனப்புறமும் இருக்கும்."

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தூங்கிட்டே இருந்து அவளுக்கு என்ன சார் பிரயோசனம்? லீவு நாள்லகூட அவ விடிஞ்சப்புறம் படுத்ததில்லை. எழுப்புங்க. நான் ஒரு தடவை பாத்துக்கறேன். அப்புறம் உங்க வேலைக்கு எடுத்துக்கோங்க. அதுக்குத்தானே குடுத்தா" என்றார்.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எப்ப வரணும்னு போன்ல சொல்லாதீங்க தங்கச்சி. வண்டி ஓட்டும்போது காதுல ஏறாது. ஏறினாலும் எனக்குப் பேச வராது. எழுதிப் போடுங்க. நாலு தடவை படிச்சுக்குவேன்."

விடுப்புக் கிடைக்க அவருக்கு இத்தனை மாதம் ஆயிற்று. இந்தச் சனிக்கிழமை என்று முடிவானதும் எழுதினேன். "திங்கட்கிழமை எழுப்புகிறோம். வியாழக்கிழமை உணவு மாற்றுவதற்கு மட்டும் வளர்ப்புப் பெட்டியின் கதவைத் திறப்போம். அப்போதும் மைக்ராஸ்கோப்பில் வைக்க மாட்டோம். முதலில் பார்ப்பவர் நீங்கள்தான்." பேராசிரியர் படித்துக் கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் படித்தார்கள்.

இந்த விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டிஸ்க் என்பது உடம்பிலேயே காற்று அதிகம் எட்டாத இடம். அங்கே பிறந்த செல்லுக்கு நாம் மூச்சுவிடுகிற அறைக்காற்றே திகட்டிப்போகும். அதனால் காற்றைக் குறைத்து, உடம்புச் சூட்டில் வைத்திருக்கிற பெட்டிக்குள் வளர்ப்போம். உறக்கத்திலிருந்து எழுப்பியதும் அவை குப்பியின் அடியில் இறங்கி, கால் ஊன்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதுவரை கதவைத் திறக்கக்கூடாது, குப்பியை அசைக்கக்கூடாது. புதுப் பிள்ளைகள் ஆசையில் எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். அக்கா கத்துவாள்: "ஆளு ஏறிக்கிட்டு இருக்கும்போதே வண்டியை எடுக்கிறியே, உனக்கு யாரு லைசென்ஸ் குடுத்தது?" டிரைவர் பெண்டாட்டி அல்லவா.

திங்கட்கிழமை டியூப்பை எழுப்பியது பசை. தொட்டியைத் திறந்ததும் வெண்புகை தரை வரை வழிந்தது. டியூப்பில் அக்காவின் கையெழுத்து இருந்தது. வெதுவெதுப்பான நீரில் டியூப்பை ஆட்டிக்கொண்டே, "எழுந்திரு, நேரமாச்சு" என்று சொல்வது அக்காவின் வழக்கம். எந்த டியூப்பானாலும் சொல்வாள். பசையும் ஆரம்பித்தான். "எழுந்திரு" வரைக்கும்தான் வந்தது. மிச்சத்தைக் கண்ணாடி சொல்லி முடித்தாள். குப்பியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியபின் நான் ஒரு தாளில் "வியாழன் வரை திறக்க வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

வியாழக்கிழமை காலை கண்ணாடி கதவைத் திறந்து குப்பியை வெளியே எடுத்தாள். பழைய உணவு நீரை இழுக்க லேசாகச் சாய்த்தாள். நீரில் தூசி போல ஏதோ சுழன்றது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. நான் இந்த வேலை தெரிந்தவள் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் அந்தத் தூசி என்னவென்று எனக்கும் தெரியும்: பிடி விட்டுச் செத்து மிதக்கிற செல்கள்.

"மைக்ராஸ்கோப்ல வைம்மா" என்றார் பேராசிரியர்.

வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். திருகைத் திருப்பித் திருப்பி மூலை மூலையாகத் தேடினாள். கண்ணை எடுக்காமலே, "யாருமில்லை சார்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் தேநீர் அறைக்கு வந்தோம். கேள்வி ஒன்றே ஒன்று. சனிக்கிழமை அக்காவின் கணவர் கிளம்பி வருவதற்குள் கடிதம் கையில் கிடைக்க வேண்டும். என்ன எழுதுவது?

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "பழைய செல்கள். உறக்கத்திலேர்ந்து எழுப்பும்போது பிழைக்காம போறது சகஜம். அதை எழுதுங்க. பொய் இல்லையே?"

பொய் இல்லை. இதுவரை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். விண்ணப்பங்களிலும் ஆண்டறிக்கையிலும் எங்களுக்குக் கைவந்த வாக்கியம் அது. எழுத ஆரம்பித்தேன். "உறைநிலையிலிருந்து எழுப்பியபோது செல்கள் உயிர்..."

"எழுந்திருச்சு" என்றான் பசை.

நான் பேனாவை நிறுத்தினேன்.

"எழுந்திருச்சு சார். எழும்பாம போகல. நான் பாத்தேன்."

"எப்படா பாத்தே?" என்றார் பேராசிரியர்.

"திங்கக்கிழமை சாயங்காலம். எல்லாரும் போனப்புறம்." குளிர்பெட்டியிலிருந்து முதுகை எடுத்து நேராக நின்றான். "பாதிக்கு மேல கீழே இறங்கி உக்காந்திருந்துச்சு. ஒரே நிமிஷம்தான். உடனே வச்சிட்டேன்."

கண்ணாடி பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தாள். "ஒரு நிமிஷமா? கடுதாசிக்கா எவ்ளோ பெரிசா எழுதி ஒட்டியிருந்தாங்க! உனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதா? கதவைத் திறந்து, எடுத்துட்டு நடந்து, மைக்ராஸ்கோப்ல வச்சு... அதுக்குப் பேரு ஒரு நிமிஷமா? நீ உன் ஜெல்லைக் கிண்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே, உன்னை யாரு..."

சட்டென்று நிறுத்திவிட்டாள். முகம் மாறியது. மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா?" என்றார் பேராசிரியர்.

"நானும் பாத்தேன் சார்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. "செவ்வாய்க்கிழமை. நான் மட்டும்தான்னு நினைச்சேன். ஒரு தடவைதானே, தாங்கும்னு..."

"ஒரு தடவை தாங்கும்" என்றான் பசை. "நானும் அதையேதான் நினைச்சேன்."

பேராசிரியர் திட்டப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். திட்டுவதற்கு முன்னால் பட்டையை இறுக்குவது அவர் வழக்கம். பட்டையில் கை வைத்தார். இறுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"சார்?" என்றேன்.

"நேத்து மத்தியானம்" என்றார். "எல்லாரும் சாப்பிடப் போயிருந்தீங்க."

 மூன்று பேரும் தனித்தனியாக, ஒருவருக்கும் தெரியாமல், ஒரே ஒரு தடவை என்று போய்ப் பார்த்திருக்கிறார்கள். கதவு மூன்று தடவை திறந்திருக்கிறது. வண்டி மூன்று தடவை நகர்ந்திருக்கிறது.

பிறகு மூவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"நான் பாக்கல" என்றேன்.

யாரும் என்னைப் பாராட்டவில்லை. கண்ணாடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ கடுதாசிக்கா. நீங்க பாக்கவே இல்லையா?"

அப்போதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள் விதியை மீறியதற்காக இல்லை. நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக அழுதோம், ஒன்றாகச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்தோம். அப்படியிருக்க, என்னை விட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். கதவில் தாள் ஒட்டிய பாவத்துக்கு நான் மட்டும் வெளியே நின்றிருக்கிறேன். தினமும் பெட்டியின் முன்னால் நடந்து போனேன். உள்ளே விளக்கெரிகிற மாதிரி ஒரு நினைப்பு, அவ்வளவுதான். நம்பி இருந்தேன்.

"திறக்காம இருந்திருந்தா பிழைச்சிருக்குமா சார்?" என்று கேட்டேன். கேள்வி கொஞ்சம் காரமாகத்தான் வந்தது.

"தெரியாது." அவர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "பழைய செல். தொடாமலே போயிருக்கலாம். இருந்தும் இருக்கலாம். அதை இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

எழுதியிருந்த அரை வரியை அடித்தேன். தாளை மடித்து வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

"அவருக்கு இதை எழுதப் போறேன்" என்றேன். "நடந்ததை நடந்தபடி."

பசை தலையைக் குனிந்துகொண்டான். பேராசிரியர், "எழுதுங்க. என்னை முதல்ல எழுதுங்க. நான் பெரியவன், நான் பண்ணியிருக்கக் கூடாது" என்றார்.

"வரிசைப்படிதான் எழுதுவேன் சார். எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு வேணும். மூணு பேரும் பாத்ததைச் சொல்லுங்க. விவரமா. அறிக்கை மாதிரி வேண்டாம்."

பசை முதலில் தயங்கினான். பிறகு சொன்னான். "வட்டவட்டமா இருந்துச்சு. பளபளன்னு. மழை விட்டப்புறம் பஸ் கண்ணாடியில துளி நிக்கும் பாருங்க, அது மாதிரி. ஓடாம, ஆனா இப்ப ஓடிடும்ங்கிற மாதிரி. நான்... நான் பேசினேன்க்கா. திங்கக்கிழமை காலையில பாதியில விட்டேன்ல? 'நேரமாச்சு'ன்னு சொல்லிட்டு வந்தேன்."

எழுதிக்கொண்டேன்.

கண்ணாடி மூக்கை உறிஞ்சியபடி சொன்னாள். "செவ்வாய்க்கிழமை அவ்ளோ பேரு இல்லை. ஆனா நாலஞ்சு பேரு நல்லா காலை ஊணிட்டாங்க. ஒண்ணு மட்டும் ஓரமா, யாரோடயும் ஒட்டாம, நீளமாப் படுத்திருந்துச்சு. மத்தியானம் சாப்பிட்டதும் அக்கா இந்த பெஞ்சுல காலை நீட்டிப்பாங்கள்ல? 'யாரும் ரெண்டு நிமிஷம் கூப்பிடாதீங்க'ன்னு. அப்படியே அது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுட்டு அழுதேன்."

அவள் உட்கார்ந்திருந்தது அதே பெஞ்சு. சொன்னபிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது போல, கையால் பலகையைத் தடவிப் பார்த்தாள்.

பேராசிரியர் கடைசியில் பேசினார். "நான் பாக்கும்போது நிறையப் பேரு விட்டுட்டு மிதக்க ஆரம்பிச்சாச்சு. ரெண்டு பேரு மட்டும் விடாம பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்ட சொல்லத் தைரியமில்லை. மறுபடி உள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டு, கையை எடுக்காம அங்கயே நின்னேன். முதுகு வலிக்கிற வரைக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அதைப் போட வேண்டாம்" என்றார்.

நான் போட்டேன்.

பிறகு அவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சுத்தமாக எழுதினேன். அனுப்புநர், பெறுநர், தேதி. "பொருள்" என்று போட்ட இடத்தில் வெகுநேரம் பேனா நின்றது. கடைசியில் அந்த ஒரு இடத்தைக் காலியாக விட்டேன். பள்ளிக்கூடமாக இருந்தால் மதிப்பெண் குறைந்திருக்கும்.

"அண்ணனுக்கு வணக்கம். முதலில் பார்ப்பவர் நீங்கள்தான் என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் வண்டியை எடுத்துவிட்டோம்" என்று தொடங்கினேன். அவருக்குப் புரியும். யார், என்று, என்ன பார்த்தார்கள் என்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். தொடாமல் இருந்திருந்தாலும் பிழைத்திருக்குமா என்பது தெரியாது என்றும் எழுதினேன். அதைச் சாக்குச் சொல்கிற தோரணையில் எழுதாமல் இருக்க இரண்டு தடவை திருத்தினேன்.

முடிவில் இப்படி எழுதினேன்: "உங்கள் விடுப்பை ரத்து செய்ய வேண்டாம். கோபம் இருந்தால் கோபத்தோடு வாருங்கள். இங்கே இனிப் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் பார்த்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். உங்களைப் போல நானும் பார்க்கவில்லை. நாம் இருவரும் உட்கார்ந்து அவர்களைக் கேட்கலாம். இங்கே எழுதியிருப்பதைவிட நேரில் இன்னும் சொல்வார்கள். எவ்வளவு கேட்டாலும் சொல்வார்கள்."

மூவரும் வந்து படித்தார்கள். பேராசிரியர் தம் பத்தியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பசையும் கண்ணாடியும் பதவி எதுவும் போடாமல் அதன் கீழே கையெழுத்திட்டார்கள். உறையில் வைத்து மடித்தேன். மடிப்பில் இருந்த கோந்து காய்ந்து ஒட்டவில்லை. பசை கோந்துப் புட்டியை எடுத்து வந்து, ஜெல்லைப் பூசுகிற அதே நிதானத்தோடு ஓரம் ஓரமாகத் தடவி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போதும்டா, ஒட்டிடுச்சு" என்றேன்.

"இருங்கக்கா" என்றான். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுத்தான் கொடுத்தான்.

தெருமுனை கூரியர் கடையில் கூட்டமில்லை. கவுண்டரில் இருந்தவர் உறையை எடைத்தட்டில் போட்டார்.

"உள்ள என்ன இருக்கு?"

"கடிதம்."

"நாளைக்குக் கிடைச்சிடும்" என்றார். முத்திரையைக் குத்தி, பின்னால் திரும்பிப் பார்க்காமலே பைக்குள் போட்டார்.